தூக்குக் கொட்டடியில் மனம் சிதைந்தால்: வாசகர் கேள்வியும் பதிலும்

மரண தண்டனைக் கைதிகளின் மனநிலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு குற்றவியல் வழக்கறிஞரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கொலை செய்யும்போது நல்ல புத்தியோடுதான் செய்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, சிறையில் மனநிலை கெட்டுவிட்டது என்று சொன்னால் தூக்கு ரத்தாகிறது. செத்தவர் குடும்பத்துக்கு இது என்ன நியாயம்?

பதில்: பறிகொடுத்த வீட்டார் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. பதிலுக்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஒரே ஆளின் மனநிலையைச் சட்டம் நான்கு நேரங்களில் தனித்தனியாகப் பார்க்கிறது. நான்குக்கும் அளவுகோல் வேறு, விளைவும் வேறு.

முதலாவது, சம்பவம் நடந்த நேரம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இதற்கானது. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்த சுவாதீனம் இல்லாமல் ஒருவர் செய்த செயல் குற்றமே ஆகாது. 1843இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகளிலிருந்து வந்த அளவுகோல் இது. வாசல் மிகக் குறுகியது. நோய் இருந்தது என்று காட்டினால் போதாது. அந்த நேரத்தில், அந்தச் செயலைப் பொறுத்தவரை, அறியும் திறன் இல்லை என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டிய பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

இரண்டாவது, விசாரணை நேரம். தன் மீதான வழக்கைப் புரிந்துகொண்டு, தன் வழக்கறிஞருக்கு விவரம் சொல்லி, எதிர்வாதம் செய்ய முடியாதவரை விசாரிக்கக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368ஆம் பிரிவுகள் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328, 329) இதைச் சொல்கின்றன. இதில் விடுதலை என்ற பேச்சில்லை. விசாரணை தள்ளிவைக்கப்படும், சிகிச்சை நடக்கும், தேறினால் வழக்கு தொடரும்.

மூன்றாவது, தூக்கா ஆயுளா என்று நீதிபதி முடிவெடுக்கும் நேரம். இங்கே மனநோய் குற்றத்தை அழிக்காது. தண்டனையின் கனத்தைக் குறைக்கும் ஒரு காரணமாக நிற்கும். நான்காவது, எல்லா மேல்முறையீடும் முடிந்து, கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டு, கயிறு காத்திருக்கும் நேரம். நீங்கள் கேட்பது இதைத்தான்.

இந்த நான்கையும் குழப்பிக்கொள்வதுதான் இத்தகைய வழக்குகளில் அடிக்கடி நடக்கும் பிழை. “விசாரணையின்போது தெளிவாகத்தானே பதில் சொன்னார்” என்று, 15 ஆண்டுகளுக்குப் பிறகான நோயை மறுக்கிறார்கள். இன்னொரு பக்கம், “இப்போது நோயாளி, அதனால் அப்போதும் நோயாளிதான்” என்று வாதாடுகிறார்கள். இரண்டும் நிற்காது. ஒரு நேரத்துக்கான விடையை எடுத்து இன்னொரு நேரத்தில் ஒட்ட முடியாது.

நான்காவது கட்டத்தில் தூக்கு ரத்தானாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. தண்டனை ஆயுள் சிறையாக மாறும், அவ்வளவே. 2019இல் உச்ச நீதிமன்றம் இப்படி மாற்றிய ஒரு வழக்கில், தண்டனைக் குறைப்புச் சலுகை எதுவும் இல்லாமல் வாழ்நாள் முழுக்கச் சிறை என்றே உத்தரவிட்டது. அந்தக் கைதி வெளியே வரவில்லை.

கேள்வி (கும்பகோணம்): சரி, புரியாதவனைத் தூக்கிலிடக் கூடாது என்று ஏன் வைத்தார்கள்? அவனுக்கு வலி தெரியாது என்றால் அவனுக்கு நல்லதுதானே?

பதில்: இந்தத் தடை நவீன மனித உரிமைப் பேச்சிலிருந்து வந்ததல்ல. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலேயே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் சொன்ன காரணம் மிக நடைமுறையானது: புத்தி தெளிவாக இருந்திருந்தால், தண்டனையை நிறுத்தத்தக்க ஏதாவது ஒன்றை அவர் கடைசி நேரத்தில் எடுத்துச் சொல்லியிருக்கக்கூடும். சாகும் முன் இறைவனிடம் தன்னை ஒப்படைக்க மனம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஏன் என்று தெரியாத ஒருவரைக் கொல்வதில் பழிக்குப் பழி என்ற கணக்கும் தீராது, அதைப் பார்த்து வேறு யாரும் பயப்படப் போவதுமில்லை என்பது மூன்றாவது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் ஃபோர்டு எதிர் வெயின்ரைட் வழக்கில் இதை அரசியல் சாசனத் தடையாகவே ஆக்கியது. ஆல்வின் ஃபோர்டு ஃபுளோரிடாவில் 1974இல் மரண தண்டனை பெற்றவர். ஆண்டுகள் போகப் போக, தனக்கு எதிராகப் பெரும் சதி நடக்கிறது என்று நம்பத் தொடங்கினார். தன்னை ‘மூன்றாம் ஜான் பால் போப்பாண்டவர்’ என்று சொல்லிக்கொண்டார். ஆளுநர் அனுப்பிய 3 மனநல மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சுமார் 30 நிமிடம் பேசிவிட்டு, மரண தண்டனைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். கைதியின் தரப்பு மருத்துவச் சான்றைக் கேட்க யாரும் இல்லை. இந்த நடைமுறை செல்லாது என்றது நீதிமன்றம். அந்த 30 நிமிடத்தை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

கேள்வி (சென்னை, சட்ட மாணவி): ‘புரிந்துகொள்ளுதல்’ என்றால் எவ்வளவு புரிய வேண்டும்? “உன்னைத் தூக்கிலிடப் போகிறார்கள், ஏன் தெரியுமா?” என்று கேட்டு “கொலை செய்ததால்” என்று பதில் வந்தால் போதுமா?

பதில்: போதாது. இந்த ஒரு கேள்வியில்தான் சட்டமும் மருத்துவமும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கின்றன.

டெக்சாஸின் ஸ்காட் பனெட்டி 1992இல் மனைவியின் தாய் தந்தையரைச் சுட்டுக் கொன்றவர். அதற்கு முன்பே மனநோய்க்காகப் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். 1995இல் தனக்குத் தானே வாதாட அனுமதி வாங்கி, கவ்பாய் உடையில் நீதிமன்றத்துக்கு வந்தார். இயேசு கிறிஸ்து, போப், இறந்துபோன ஜான் கென்னடி ஆகியோரைச் சாட்சிகளாக அழைக்க மனுப் போட்டார். கடைசியில் அவரிடம் கேட்டபோது, கொலைக்காகத் தண்டனை என்று அரசு சொல்வது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அது வெளிவேஷம், தான் மதப் பிரசங்கம் செய்வதை நிறுத்தத்தான் உண்மையில் கொல்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. காதில் விழுந்த காரணம் வேறு, மனம் ஏற்ற காரணம் வேறு. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: காரணத்தை வாயால் திருப்பிச் சொல்வது புரிதல் ஆகாது, அறிவுபூர்வமான புரிதல் வேண்டும். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2023இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, பனெட்டிக்கு அந்தப் புரிதல் இல்லை என்று முடிவு சொன்னார்.

அலபாமாவின் வெர்னன் மேடிசன் வழக்கு வேறு விதம். 1985இல் ஒரு காவலரைக் கொன்றவர். சிறையிலேயே முதுமை வந்து, அடுத்தடுத்த பக்கவாதத்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் பாதித்து மறதிநோய் வந்தது. செய்த கொலையே நினைவில்லை. 2019இல் வந்த தீர்ப்பு இரண்டு பாதியாகப் படிக்க வேண்டியது. குற்றம் நினைவில் இல்லை என்பது மட்டும் தடையாகாது, ஏனென்றால் நினைவில் இல்லாத ஒன்றையும் ஒருவர் புரிந்துகொள்ள முடியும். ஆனால் புரிதலைக் குலைத்தது மனச்சிதைவா, மறதிநோயா என்று பார்க்கத் தேவையில்லை. எந்த நோயால் குலைந்தாலும் தடை உண்டு. நோயின் பெயரைப் பார்க்காதே, அது மனத்தில் செய்த வேலையைப் பார் என்பதே இதன் சாரம். மேடிசன் 2020இல் சிறையிலேயே இறந்தார்.

கேள்வி (மதுரை): இந்தியாவில் இதற்கு எந்தச் சட்டப் பிரிவு?

பதில்: ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். தூக்குத் தண்டனை பெற்ற பெண் கர்ப்பமாக இருந்தால் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 456ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. மனம் சிதைந்தவருக்கு அப்படி ஒரு பிரிவை நாடாளுமன்றம் எழுதவில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்தபோதும் அந்த இடம் காலியாகவே விடப்பட்டது. இருப்பவை தீர்ப்புகளே.

முதலாவதும் முக்கியமானதும் சத்ருகன் சவுகான் வழக்கு, 2014 ஜனவரி 21. தலைமை நீதிபதி ப.சதாசிவம், அதாவது நம் ஈரோடு மாவட்டத்துக்காரர், தலைமையிலான 3 நீதிபதிகள் அமர்வு அன்று 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பெரும்பாலானோருக்குக் காரணம் கருணை மனுவில் ஏற்பட்ட நீண்ட தாமதம். உத்தரகண்டின் சுந்தர் சிங்குக்கு மனச்சிதைவு நோய். தீர்ப்புக்குப் பின் வந்த மனநோயும் தண்டனையை மாற்றத்தக்க காரணம் என்று அந்தத் தீர்ப்பில் தெளிவாகச் சொல்லப்பட்டது. இரண்டே மாதத்தில், மார்ச் 31 அன்று, 1993 டெல்லி குண்டுவெடிப்பு வழக்கின் தேவிந்தர்பால் சிங் புல்லருக்கும் தாமதம், மனநோய் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தண்டனை குறைக்கப்பட்டது.

சவுகான் தீர்ப்பு சிறை நிர்வாகத்துக்குச் சில கட்டளைகளும் போட்டது. தூக்குத் தண்டனைக் கைதிகள் எல்லோரையும் முறையாக இடைவெளி விட்டு மனநலப் பரிசோதனை செய்ய வேண்டும், தேவைப்பட்டால் சிகிச்சை தர வேண்டும். கருணை மனு நிராகரிக்கப்பட்ட தகவல் எழுத்தில் தரப்பட வேண்டும். அந்தத் தகவல் கிடைத்த நாளுக்கும் தூக்கு நாளுக்கும் இடையே குறைந்தது 14 நாள் வேண்டும். தூக்கிலிடுவதற்கான வாரண்ட் வந்த பிறகு, அரசு மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள் ஆகியோரின் அறிக்கையைப் பார்த்து, கைதி உடலாலும் மனத்தாலும் தகுதியாக இருக்கிறார் என்று சிறைக் கண்காணிப்பாளர் திருப்தி அடைய வேண்டும். சந்தேகம் இருந்தால் உடனே நிறுத்தி, மருத்துவக் குழுவின் முன் கைதியை நிறுத்தி, அறிக்கையை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இதில் எது உடைகிறது என்று கேட்டால், ‘தகுதி’ என்ற சொல். அது என்ன என்று அந்தத் தீர்ப்பு வரையறுக்கவில்லை. அதனால் “நேரம், இடம், ஆள் தெரிகிறது, தகுதியாக உள்ளார்” என்ற ஒரு வரிச் சான்றே போதும் என்று நினைக்க இடம் இருக்கிறது. பனெட்டிக்கும் நேரம், இடம், ஆள் எல்லாம் தெரிந்தே இருந்தது.

அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது 2019 ஏப்ரல் 12இல் வந்த தீர்ப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் அந்தரங்க உரிமையைக் காக்கக் கைதியின் பெயரை மறைத்து ‘அக்யூஸ்டு எக்ஸ்’ என்றே அது வெளியானது. தண்டனையின் தன்மையையும் அது ஏன் விதிக்கப்பட்டது என்பதையும் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நோய் கடுமையாக இருக்க வேண்டும், அதை மருத்துவச் சான்றோடு கைதியின் தரப்பே நிறுவ வேண்டும், அரசு மறுக்கலாம், நீதிமன்றம் தேவைப்பட்டால் நிபுணர் குழு அமைக்கலாம். இதுவே அளவுகோல். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பொதுவாக எந்த நோய்கள் இதில் வரும் என்று சொல்லும்போது, மனச்சிதைவையும் அதையொத்த கடும் மனநோய்களையுமே தீர்ப்பு குறிப்பிடுகிறது. மேடிசனுக்கு வந்தது போன்ற மறதிநோயும், பிறவியிலேயே வரும் அறிவுத்திறன் குறைபாடும் அந்த வரியில் இல்லை. பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார்க்கும் வழியே சரி என்பது எங்கள் இருவரின் கருத்து.

பாகிஸ்தான் உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரி 10இல் சஃபியா பானு வழக்கில் ஏறத்தாழ இதே அளவுகோலை ஏற்று, இம்தாத் அலி, கனீசான் பீபி ஆகியோரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

கேள்வி (கோவை): நடித்துத் தப்பிக்க மாட்டார்களா? நிர்பயா வழக்கிலும் ஒருவன் சுவரில் தலையை மோதிக்கொண்டானே?

பதில்: மோதிக்கொண்டார், உண்மை. வினய் சர்மா 2020 பிப்ரவரியில் திகார் சிறையில் அப்படிச் செய்தார். மனநோய் என்று மனுவும் போடப்பட்டது. மருத்துவ அறிக்கைகளைப் பார்த்த நீதிமன்றங்கள் மனநிலை சீராக இருக்கிறது என்று சொல்லி ஏற்கவில்லை. மார்ச் 20 அன்று தண்டனை நிறைவேறியது. அதாவது, சொன்னவுடன் யாரும் நம்பிவிடுவதில்லை.

நடிப்பைக் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். ஃபோர்டிடம் நடந்த அந்த 30 நிமிடப் பேச்சைப் போல, ஒரே சந்திப்பில் முடிவு சொல்வது இரண்டு பக்கமும் தவறில் முடியும். குறைந்தது சில வாரம், வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பார்க்க வேண்டும். நடிப்பவர் பெரும்பாலும் கேட்ட அறிகுறி எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார்: குரல் கேட்கிறதா, கேட்கிறது, உருவம் தெரிகிறதா, தெரிகிறது, அந்த உருவம் நிறம் மாறுகிறதா, மாறுகிறது. உண்மையான மனச்சிதைவு நோயாளி பெரும்பாலும் நேர் எதிர். “எனக்கு ஒன்றும் இல்லை, மாத்திரை வேண்டாம்” என்பார், குரலை மறைப்பார். கூச்சல் போடுவது எளிது. மாதக்கணக்கில் குளிக்காமல், பேசாமல், முகத்தில் சலனமே இல்லாமல், நண்பனோடும் சிரிக்காமல் இருப்பதை நடிப்பது மிகக் கடினம். ஆகவே மருத்துவர் அறையில் நடந்ததைவிட இரவு 3 மணிக்குக் கொட்டடியில் நடந்தது முக்கியம். ராத்திரி பாரா காவலரின் குறிப்பும், பக்கத்துக் கொட்டடிக் கைதிகள் சொல்வதும் நல்ல சான்று.

ஞாபக மறதி நடிப்புக்கென்று ஒரு சோதனை உண்டு. 50 எளிய படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டு இரண்டாக வைத்து எதைப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பாதி சரியாக வரும். அதற்கும் கீழே மதிப்பெண் வந்தால், விடை தெரிந்தே தவறாகத் தொடுகிறார் என்று பொருள். ஆனால் உண்மையிலேயே மறதிநோய் முற்றியவருக்கும் அறிவுத்திறன் குறைந்தவருக்கும் இந்த மதிப்பெண் குறையும். இதை மட்டும் வைத்து ‘நடிப்பு’ என்று எழுதிவிடக் கூடாது.

இன்னும் சில குழிகள். இரண்டும் இரண்டும் எத்தனை என்றால் ஐந்து என்பது போல நூலிழை தப்பிய பதில்களைத் தருவோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்சர் என்ற ஜெர்மன் மருத்துவர் கைதிகளிடம் இதைக் கண்டு விவரித்தார். இது நடிப்பா நோயா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவான கை நடுக்கம், எச்சில் வடிதல், மரக்கட்டை போன்ற நடை ஆகியவற்றைச் சிலர் நாடகம் என்று எழுதிவிடுகிறார்கள். “அம்மன் என்னிடம் பேசுகிறாள்” என்று ஒருவர் சொன்னால், அவர் ஊரில் அது எல்லோரும் சொல்வதா, இவர் மட்டும் சொல்வதா என்று வீட்டாரிடம் விசாரிக்காமல் நோய் என்று எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. கைதியின் தாய்மொழி தெரியாத மருத்துவர், சிறை ஊழியரை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு செய்யும் பரிசோதனை அரைப் பரிசோதனை கூட ஆகாது. நோயும் இருந்து, பயத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தியும் காட்டுபவர்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

தேசிய சட்டப் பல்கலைக்கழகம் டெல்லியின் ப்ராஜெக்ட் 39ஏ குழு மரண தண்டனைக் கைதிகள் 88 பேரிடம் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டது. பரிசோதிக்கப்பட்டவர்களில் 62.2 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநோய், சுமார் 11 சதவீதத்தினருக்கு அறிவுத்திறன் குறைபாடு. இந்த எண்ணைத் தவறாகப் படிக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி மனச்சோர்வும் பதற்றமும். 2019 அளவுகோலுக்குள் அவர்களில் பெரும்பாலோர் வர மாட்டார்கள். நோய் இருப்பது வேறு, புரிதல் அழிவது வேறு.

கேள்வி (திருச்சி): மருந்து கொடுத்துத் தெளியவைத்து, பிறகு தூக்கிலிடலாமா?

பதில்: அமெரிக்காவில் இதற்கு எதிரெதிரான இரண்டு விடைகள் உண்டு. தூக்குக்குத் தகுதியாக்குவதற்காகக் கட்டாயமாக மருந்து செலுத்தக் கூடாது என்று லூசியானா உச்ச நீதிமன்றம் 1992இல் பெர்ரி வழக்கில் சொன்னது. சார்லஸ் சிங்கிள்டன் வழக்கில் 2003இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையில்லை என்றது. 2004 ஜனவரியில் ஆர்கன்சாவில் அவருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

மருத்துவருக்கு இது நேரடியான தர்மசங்கடம். உலக மனநல மருத்துவச் சங்கத்தின் 1996 மாட்ரிட் பிரகடனம், மரண தண்டனை நிறைவேற்றத்திலும் அதற்கான தகுதிப் பரிசோதனையிலும் மனநல மருத்துவர்கள் எந்தச் சூழ்நிலையிலும் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. நம் தீர்ப்போ மனநல மருத்துவரின் அறிக்கையைக் கேட்கிறது. அறிக்கை இல்லாவிட்டால் நோயாளியைக் காப்பாற்றவும் வழியில்லை. எங்களில் மருத்துவர் சொல்லும் வழி இது: வேதனையைத் தணிக்கச் சிகிச்சை தாருங்கள், அது எப்போதும் கடமை. அறிக்கையில் நோய், அதன் காலம், கைதி தன் தண்டனையைப் பற்றி என்ன நம்புகிறார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘தூக்குக்குத் தகுதியானவர்’ என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். அந்த முடிவு நீதிமன்றத்தினுடையது.

கேள்வி (ஜொகூர் பாரு, மலேசியா): எங்கள் நாகேந்திரனுக்கு ஐ.க்யூ. 69 என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். மனநோயும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றல்ல. மனநோய் இடையில் வருவது, ஏறி இறங்குவது. அறிவுத்திறன் குறைபாடு வளரும் வயதிலேயே தொடங்கி, கூடவே இருப்பது. நிறுவ மூன்று வேண்டும்: ஐ.க்யூ. ஏறத்தாழ 70 அல்லது அதற்குக் கீழ், அன்றாட வாழ்வை நடத்துவதில் குறை, இவை சிறு வயதிலேயே தொடங்கியது. ஐ.க்யூ. எண்ணுக்கு ஏறத்தாழ 5 புள்ளி கூடக் குறைய இருக்கலாம் என்பதால் 70 என்று கோடு கிழித்து 71ஐத் தூக்கிலிடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அங்கே 2002 முதல் இத்தகையோருக்கு மரண தண்டனையே கிடையாது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்பதற்கு எழுதிய வரையறையிலிருந்து இந்தக் குறைபாட்டைத் தனியே விலக்குகிறது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கு எட்டாமல் போவது பெரிய ஓட்டை.

நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். அங்கே 15 கிராமைத் தாண்டினாலே மரண தண்டனை. 2012 சட்டத் திருத்தம் ஒரு வழி திறந்தது: வெறும் கடத்தல் கூலியாக இருந்து, மனக் கோளாறால் தன் செயலுக்கான மனப் பொறுப்பு கணிசமாகக் குறைந்திருந்தால் ஆயுள் தண்டனை. நீங்கள் சொல்லும் ஐ.க்யூ. எண் பதிவில் இருந்தது. ஆனால் அந்த எண் கேள்விக்கு விடையாகவில்லை. செய்வது குற்றம் என்று தெரிந்து, யோசித்து, திட்டமிட்டுச் செய்தார் என்று நீதிமன்றங்கள் 2017இலும் 2019இலும் முடிவெடுத்தன. பிறகு சிறையில் மனநிலை இன்னும் சரிந்தது என்று வாதிட்டபோது, அதற்கு ஏற்கத்தக்க மருத்துவச் சான்று இல்லை என்று 2022 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. ஏப்ரல் 27 அன்று தூக்கு.

எண்ணை மட்டும் ஏந்திக்கொண்டு போவதன் ஆபத்து இந்த வழக்கில் தெரிகிறது. கடன் வாங்கியபோது ஏமாந்தாரா, சொன்னவரை அப்படியே நம்பும் பழக்கம் உண்டா, பள்ளியில் எந்த வகுப்பில் நின்றார், பணம் எண்ணத் தெரியுமா என்பன போன்ற வாழ்க்கை விவரம் எண்ணோடு சேர்ந்தால்தான் சான்று கனக்கும். இந்த வழக்கில் வந்த முடிவு எங்களுக்கு ஏற்புடையதல்ல. திட்டமிடுவது போலத் தெரியும் செயலை, பிறர் சொல்லிக் கொடுத்தபடியும் செய்ய முடியும்.

கேள்வி (சேலம்): உறவினர் ஒருவர் வேறு மாநிலத்தில் தூக்குத் தண்டனையில் இருக்கிறார். மனு போட்டுப் பார்க்கப் போனால் எங்களை அடையாளம் தெரிவதில்லை. சோற்றில் விஷம் என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இன்றே தொடங்குங்கள். கருணை மனு நிராகரிக்கப்பட்ட பிறகு தொடங்கினால் கையில் இருப்பது 14 நாள்தான். கடும் மனநோயை 14 நாளில் நிறுவ முடியாது.

ஒவ்வொரு முறை பார்த்துவிட்டு வந்ததும், அன்றே, தேதி போட்டு எழுதுங்கள்: என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார், எடை, உடை, நகம், முடி எப்படி இருந்தது. “மனநிலை சரியில்லை” என்று எழுதாதீர்கள். “பெயர் சொல்லிக் கூப்பிட்டும் 20 நிமிடம் சுவரையே பார்த்தார்” என்று எழுதுங்கள். அவர் எழுதிய கடிதங்களை உறையோடு வைத்திருங்கள். அஞ்சல் முத்திரைதான் நோயின் காலக்கணக்கு.

சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, மனநல மருத்துவரிடம் காட்டும்படி மனு அனுப்புங்கள். சவுகான் தீர்ப்பையும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 103ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள். நோயுள்ள கைதியைச் சிறை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ வெளி மனநல மருத்துவமனைக்கோ மாற்ற அந்தப் பிரிவு வழி செய்கிறது. சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவர் 3 மாதத்துக்கு ஒரு முறை மனநல வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மனு கைக்குக் கிடைத்த பிறகு அப்படி ஒரு சான்று அனுப்பப்பட்டிருந்தால், அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

மருத்துவப் பதிவேடு கேட்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உறவினர் தன் பெயரில் தகவல் உரிமை மனுப் போட்டால், மூன்றாம் நபரின் அந்தரங்கம் என்று மறுப்பார்கள். நோயாளிக்கே தன் பதிவேட்டைப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. எனவே அவர் கையெழுத்தோ கைரேகையோ உள்ள கடிதத்தை வழக்கறிஞர் மூலம் வாங்குங்கள். உங்களில் ஒருவரை அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, அவர் சார்பில் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியாக்குவது இன்னும் நல்லது. தகவல் உரிமை மனுவில் “உயிர் சம்பந்தப்பட்டது, 48 மணி நேரத்தில் பதில் தேவை” என்று காரணத்தோடு எழுதுங்கள், 30 நாள் காத்திருக்க வேண்டாம்.

கைதாகும் முன்பு எங்காவது சிகிச்சை எடுத்திருந்தால் அந்த ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீது எல்லாம் தேடுங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற அரசு மருத்துவமனை என்றால் பழைய ஓ.பி. எண்ணோ சேர்த்த மாதமோ தெரிந்தால் தேடுவது எளிது. பெயரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா எழுத்துக் கூட்டலிலும் தேடச் சொல்லுங்கள். கோயிலிலோ தர்காவிலோ கட்டிப்போட்டு வைத்திருந்தீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அங்கே பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம்.

மருந்துப் பட்டியலைக் கண்டிப்பாகக் கேளுங்கள். சிறை மாற்றும்போது மாத்திரை நின்றுபோய் நோய் திரும்புவது வழக்கமாக நடப்பது. க்ளோசபின் என்ற மனநோய் மருந்தைத் தருகிறார்கள் என்றால், முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளே, கடுமையான நோய்க்குச் சிகிச்சை நடந்தது என்பதற்குச் சான்று. மற்ற மருந்துகள் பலிக்காதபோதே பெரும்பாலும் க்ளோசபின் தருவார்கள்.

வழக்கறிஞர் இல்லை என்றால் அந்த மாநிலத்தின் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், 2022 மே 20இல் வந்த மனோஜ் வழக்குத் தீர்ப்பைக் காட்டி, மனநல, உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை அரசிடம் கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்து கருணை மனுதான் மிச்சம் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவின்படி சிறையிலிருந்து தகவல் வந்து 30 நாளுக்குள் ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ மனுப் போட வேண்டும். ஆளுநர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. அந்த மனுவோடு மருத்துவப் பதிவேடு எல்லாவற்றையும் இணையுங்கள். இணைக்காமல் விட்டுவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் “குடியரசுத் தலைவர் பார்க்கவில்லை” என்று வாதிட முடியாது.

அவரிடம் பேசும்போது சோற்றில் விஷம் இல்லை என்று வாதாட வேண்டாம், அது அவருக்கு உறைக்காது. எந்தப் பாத்திரத்தில் வந்தால் சாப்பிடுவார் என்று கேளுங்கள். கேட்டதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.